வீட்டு வைஃபையில் யாரோ புகுந்திருக்கிறார்களா? கண்டுபிடித்து வெளியேற்ற முழு வழிகாட்டி

வைஃபை மெதுவாகிறது. ரவுட்டரைத் திறந்து பார்த்தால் பட்டியலில் தெரியாத பெயர் ஒன்று. உடனே ‘ப்ளாக்’ பட்டனை அழுத்திவிடுகிறோம். இரண்டு நாள் கழித்து இன்னொரு தெரியாத பெயர். மறுபடி ப்ளாக். தெரிந்தவர்கள் வீடுகளில் இந்த வேலையைச் செய்து கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

வந்தவரை ஒவ்வொருவராக விரட்டிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. பூட்டையே மாற்ற வேண்டும். ஆனால் பூட்டை மாற்றும் முன் பின்வாசலை அடைக்க வேண்டும், அதற்கும் முன் உள்ளே உண்மையிலேயே அந்நியர் இருக்கிறாரா என்று உறுதி செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதனால்தான் இப்படி இருக்கிறது. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு கணினியும், அதை ரவுட்டரோடு இணைக்க ஒரு நெட்வொர்க் கேபிளும். வைஃபை வழியாகவே வேலை செய்தால், பாஸ்வேர்டை மாற்றிய நொடியில் உங்கள் இணைப்பும் அறுந்துவிடும். சேமிப்பு ஆனதா, பாதியில் நின்றதா என்று தெரியாமல் முழிப்பீர்கள். கேபிள் இல்லையென்றால் ஃபோனிலும் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிதாக இணைய வேண்டியிருக்கும்.

அடுத்தது, இணைய நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த இணைப்பு விவரம். சில இணைப்புகளில் ரவுட்டருக்குள் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பதிந்திருக்கும். அதற்கு ‘பிபிபிஓஇ’ என்று பெயர். ரவுட்டரை ரீசெட் செய்தால், அதாவது வாங்கியபோது இருந்த நிலைக்கே திருப்பினால், இதுவும் அழிந்துவிடும், அதன் பிறகு இணையமே வராது. அந்த விவரம் கையில் இல்லாவிட்டால் இன்றே நிறுவனத்திடம் கேட்டு எழுதி வையுங்கள்.

மூன்றாவது, ஒரு தாளும் பேனாவும். ஃபோனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்த வேலையின் நடுவில் அந்த ஃபோனின் வைஃபையைத்தான் பலமுறை அணைத்து எழுப்பப் போகிறோம், திரைக்குத் திரை தாவிக்கொண்டே இருப்போம். தாள்தான் வசதி.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு மணி நேரம் இணையம் விட்டுவிட்டு வரும் என்று சொல்லிவிடுங்கள். யாராவது முக்கியமான அழைப்பில் இருக்கும்போது தொடங்க வேண்டாம்.

2. ரவுட்டருக்குள் நுழைவது

புதிதாகச் செய்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு. முதலாவது இணையத்தைப் பயன்படுத்த. இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்ஸை மாற்ற. அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் பொதுவாக ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

ரவுட்டரின் முகவரியை ஊகிக்க வேண்டாம். ஃபோனில் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரத்தைத் தட்டினால் ‘ரவுட்டர்’ அல்லது ‘கேட்வே’ என்று ஒரு எண் தெரியும். 192.168.1.1, 192.168.0.1, 10.0.0.1 போன்றவை வழக்கமானவை. அந்த எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டியில் அடியுங்கள். தேடல் பெட்டியில் அடித்தால் சம்பந்தமில்லாத தளங்கள் வந்து நிற்கும், அவற்றில் போய் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். ஃபோனிலிருந்து செய்பவர்கள் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். ரவுட்டரின் பக்கம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது, அதற்கு வெளித்தளங்களைப் போலச் சான்றிதழ் இருக்காது. முகவரி நீங்கள் ஃபோனில் பார்த்த அதே எண்தானா என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டு தொடருங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள அட்மின் பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இணைப்பு கொடுக்க வந்தவர் மாற்றியிருக்கலாம், வீட்டில் ஒருவர் மாற்றி மறந்திருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் ரீசெட்தான் வழி. முதல் படியில் சொன்ன இணைப்பு விவரம் இப்போது தேவைப்படும். ஃபைபர் இணைப்பில் நிறுவனமே வைத்துவிட்டுப் போன பெட்டியாக இருந்தால், அவர்களிடம் கேட்காமல் ரீசெட் பட்டனைத் தொட வேண்டாம்.

3. சரியான பட்டியலைப் பார்ப்பது

ரவுட்டருக்குள் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ‘டிஹெச்சிபி கிளையன்ட்’ அல்லது ‘லீஸ்’ என்பது, ரவுட்டர் யார் யாருக்கு முகவரி ஒதுக்கியது என்ற பதிவேடு. வந்து போனவர்களின் பெயரும் குறிப்பிட்ட நேரம்வரை அதில் இருக்கும். நேற்று வந்த விருந்தினரின் ஃபோன் இன்றும் அதில் தெரிவது சாதாரணம்.

‘வயர்லெஸ் கிளையன்ட்’, ‘ஆன்லைன் டிவைசஸ்’, ‘ஸ்டேஷன்’ என்ற பெயர்களில் வருவது, இந்த நொடியில் காற்றலையில் இணைந்திருப்பவர்களின் பட்டியல். நமக்கு வேண்டியது இதுதான். பதிவேட்டைப் பார்த்துவிட்டு ‘இருபது பேர் இருக்கிறார்கள்’ என்று பதறி அழைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. உள்ளே இருந்ததோ எட்டுச் சாதனம், எட்டும் அவர்களுடையவை.

வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தால், அதாவது இணைய நிறுவனத்தின் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்றால், இரண்டிலும் பாருங்கள். உங்கள் ரவுட்டரை மாட்டிய பிறகும் நிறுவனத்தின் பெட்டியில் வைஃபை அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பாஸ்வேர்டு பழைய ஸ்டிக்கரில் உள்ளதே. அதில் யார் இணைந்தாலும் உங்கள் ரவுட்டரின் பட்டியலில் வராது. அந்த வைஃபை தேவையில்லை என்றால் இப்போதே அணைத்துவிடுங்கள்.

4. வீட்டுச் சாதனங்களைக் கணக்கெடுப்பது

பட்டியலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பெயர், ஓர் ஐபி முகவரி, ஒரு மேக் முகவரி இருக்கும். ஐபி முகவரி ரவுட்டர் அதற்கு ஒதுக்கிய எண். மேக் முகவரி சாதனத்தின் அடையாள எண், எழுத்தோ இலக்கமோ இரண்டிரண்டாக ஆறு ஜோடி. முதல் மூன்று ஜோடிகள் அதைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். ஆனால் இதை முழுக்க நம்பிவிடக் கூடாது, இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, வெளியே ஒரு பிராண்டு, உள்ளே வேறொரு நிறுவனத்தின் சிப். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் ப்ளக் போன்றவற்றில் பெரும்பாலும் ‘எஸ்ப்ரெசிஃப்’ என்ற பெயர் வரும். கடையில் அந்தப் பெயரில் பல்பு வாங்கிய ஞாபகம் யாருக்கும் இருக்காது. தெரியாத பெயர் என்பதாலேயே தெரியாத ஆள் ஆகிவிட மாட்டார்.

இரண்டாவது, இன்றைய ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்துக்கொள்கின்றன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு கற்பனை முகவரியை உருவாக்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 2.4-க்கு ஒரு பெயர், 5-க்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தால் உங்கள் ஒரே ஃபோன் பதிவேட்டில் இரண்டு ஆளாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது உருவாக்கப்பட்ட முகவரி, தயாரிப்பாளர் கொடுத்ததல்ல. பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபோன்தான்.

கணக்கெடுக்கும் முறை இது. வீட்டில் இருக்கும் எல்லா ஃபோன், கணினி, டேப்லெட்டின் வைஃபையையும் அணையுங்கள். டிவி, பிரின்டர், கேமரா, பல்பு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ப்ளக்கிலிருந்து பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, டிவி உறக்கத்திலும் இணைந்தே இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பட்டியலைப் புதுப்பியுங்கள். காலியாக வேண்டும். ஃபோனிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த ஃபோன் மட்டும் மிச்சம் இருக்கும்.

அப்புறம் ஒவ்வொன்றாக எழுப்புங்கள். ஒன்றை இயக்கி, பட்டியலில் புதிதாக வந்த வரியைத் தாளில் எழுதி, பக்கத்தில் அது எது என்று குறியுங்கள். ரவுட்டரிலேயே பெயர் மாற்ற இடம் இருந்தால் ‘ஹால் டிவி’, ‘அம்மா ஃபோன்’ என்று மாற்றிவிடுங்கள். பொறுமை தேவைப்படும் வேலைதான், அரை மணி நேரம்கூட ஆகலாம். மற்ற எல்லாப் படியும் இதை நம்பித்தான் நிற்கிறது.

ஒரு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒரு வரி மிச்சம் இருந்தது. பெயர் இல்லை, வெறும் எண்கள். அந்த வீட்டுப் பையன் பக்கத்து வீட்டைச் சந்தேகித்து, அவர்களிடம் கேட்டே விடுகிறேன் என்று கிளம்பிவிட்டான். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு அறை அறையாகத் தேடினோம். அலமாரியில் துணிக்குப் பின்னால், ஆறு மாதமாக யாரும் தொடாத பழைய டேப்லெட் ஒன்று சார்ஜரில் கிடந்தது. பிடுங்கி அணைத்ததும் அந்த வரியும் போய்விட்டது. பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் அந்தச் சங்கடம் எத்தனை வருஷம் நின்றிருக்கும்?

5. மிச்சம் இருப்பது யார் என்று தேடுவது

எல்லாம் அணைந்த பிறகும் ஒரு வரி நிற்கிறது, வீட்டில் தேடியும் எதுவும் அகப்படவில்லை என்றால், இப்போது சந்தேகப்படலாம்.

சிக்னல் அளவைப் பாருங்கள். பல ரவுட்டர்கள் இதை ‘ஆர்எஸ்எஸ்ஐ’ என்ற பெயரில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 40 என்றால் ரவுட்டருக்கு வெகு அருகில். மைனஸ் 80 என்றால் எங்கோ தொலைவில், சுவர்களுக்கு அப்பால். உங்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் போய், எங்கே எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்குள் எந்த மூலையிலும் மைனஸ் 70-க்குக் கீழே போகவில்லை, அந்த வரி மட்டும் நாள் முழுக்க மைனஸ் 82-இலேயே நிற்கிறது என்றால், அது வெளியே இருக்க வாய்ப்பு அதிகம்.

நேரத்தைக் கவனியுங்கள். ரவுட்டரின் ‘சிஸ்டம் லாக்’ பக்கத்தில் எது எப்போது இணைந்தது என்ற பதிவு இருக்கலாம். வீட்டில் ஒருவர் வரும்போது வந்து, போகும்போது போனால் அது அவருடைய கைக்கடிகாரமோ இரண்டாவது ஃபோனோதான்.

‘ப்ளாக்’ பட்டனுக்கு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். சந்தேகமான வரியைப் பத்து நிமிடம் ப்ளாக் செய்துவிட்டுக் காத்திருங்கள். “நெட் போச்சு!” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தால் ஆள் கிடைத்துவிட்டார்.

வேகம் குறைவதை மட்டும் வைத்து எவரையும் குற்றம் சொல்லாதீர்கள். பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் உங்கள் ரவுட்டரும் ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே பகுதியில், மோதினாலும் வைஃபை மெதுவாகும். எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு, கேபிளில் ஒரே ஒரு கணினியை மட்டும் இணைத்து வேகத்தைப் பாருங்கள். அப்போதும் மெதுவாகவே இருந்தால் சிக்கல் இணைப்பில், வைஃபையில் அல்ல.

6. மாற்றும் முன் ஒரு படம்

அந்நியர் இருப்பது உறுதியாகிவிட்டால் பட்டியலையும் லாகையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். உங்கள் வைஃபையில் யார் என்ன செய்தாலும் வெளியுலகுக்கு அது உங்கள் இணைப்பிலிருந்து போனதாகவே தெரியும். பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் இந்தப் படம் உதவும். ரவுட்டரை மறுபடி இயக்கினால் பல மாடல்களில் லாக் அழிந்துவிடும், அதனால்தான் இதை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

7. முதலில் ஃபர்ம்வேர், அப்புறம் அட்மின் பாஸ்வேர்டு

கை துறுதுறுக்கும், உடனே வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்று. கொஞ்சம் பொறுங்கள்.

ரவுட்டரின் ஃபர்ம்வேருக்கு, அதாவது அதை இயக்கும் மென்பொருளுக்கு, புதுப்பிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். சில ரவுட்டர்கள் புதுப்பித்ததும் செட்டிங்ஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகு இது நடந்தால் முழு வேலையும் வீண். புதுப்பிப்பு ஓடும்போது மின்சாரம் போகக் கூடாது, நடுவில் நின்றால் ரவுட்டரே பழுதாகலாம்.

அடுத்தது அட்மின் பாஸ்வேர்டு. உள்ளே இணைந்திருக்கும் எவரும் நீங்கள் திறந்த அதே பக்கத்தைத் திறக்க முடியும். அட்மின் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் உள்ளதாகவோ, ‘அட்மின்’ என்பதாகவோ இருந்தால் அவரும் செட்டிங்ஸுக்குள் போய்விடுவார். பல ரவுட்டர்களில் வைஃபை பாஸ்வேர்டு அங்கே படிக்கும்படியாகவே இருக்கும். இதை மாற்றாமல் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவது, புதுப் பூட்டு மாட்டி அதன் சாவியை வாசலிலேயே தொங்கவிடுவது போல.

உள்ளே இருக்கும்போதே மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ இயங்கினால் அணையுங்கள், வீட்டுக்கு வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்பது வெளியிலிருந்து வீட்டுச் சாதனம் ஒன்றுக்கு வழி திறந்துவிடும் வசதி, அந்தப் பக்கத்தில் நீங்கள் போடாத வரி இருந்தால் நீக்குங்கள். கடைசியாக டிஎன்எஸ்.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் வேலை. இதை ஒருவர் தன் சர்வருக்குத் திருப்பிவிட்டால், நீங்கள் சரியான பெயரை அடித்தாலும் அவர் காட்டும் போலித் தளம் திறக்கக்கூடும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கணினிகளில் இதைத்தான் செய்தது, அதை நடத்திய கும்பல் 2011-இல் பிடிபட்டது. எனவே ரவுட்டரில் டிஎன்எஸ் ‘ஆட்டோமேட்டிக்’ என்றோ, நீங்களே போட்ட எண்ணாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கும் தெரியாத, இணைய நிறுவனமும் எங்களுடையதல்ல என்று சொல்கிற எண் இருந்தால், ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். முழு ரீசெட் செய்து புதிதாகத் தொடங்குங்கள். அவர் வேறு எதையெல்லாம் மாற்றினார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

8. டபிள்யூபிஎஸ் என்ற பின்வாசல்

பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பட்டனை அழுத்தியோ, எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைக்கும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு, பாதுகாப்பானதுதானே என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. முதல் நான்கு இலக்கம் சரியா என்று தனியாகச் சொல்லிவிடும், கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக மொத்தம் அதிகபட்சம் 11,000 முயற்சி போதும். இந்த ஓட்டை 2011 டிசம்பரில் வெளிவந்தது.

எண் கிடைத்துவிட்டால் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் அவர் கைக்குப் போய்விடும். நீங்கள் எவ்வளவு நீளமாக வைத்தாலும், எத்தனை முறை மாற்றினாலும் அதே கதைதான். அதனால் பாஸ்வேர்டை மாற்றும் முன் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பக்கம் இருந்தால் இரண்டிலும்.

9. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவது

முதலில் பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய முறை வேண்டவே வேண்டாம், அது உடைந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டபிள்யூபிஏ3 இருந்தால் அதுதான் நல்லது. ஆனால் பழைய பிரின்டர், மலிவான பல்பு போன்றவை அதில் இணையாமல் போகலாம். அப்போது ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறை. அதுவும் இல்லையென்றால் டபிள்யூபிஏ2, கூடவே ஏஇஎஸ் என்ற குறியாக்கம். ‘டிகேஐபி’ என்று வரும் பழைய குறியாக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது பாஸ்வேர்டு. நான் உதவப்போன வீடுகளில் பாதிக்கு மேல் பாஸ்வேர்டு ஒரு ஃபோன் நம்பர்தான். டபிள்யூபிஏ2-இல் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு சாதனம் இணையும் தருணத்தில் அதுவும் ரவுட்டரும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் ‘கைகுலுக்கலை’ வெளியிலிருந்து பதிவு செய்துகொண்டு, பிறகு தன் கணினியில் உட்கார்ந்து ஒருவர் ஊகித்துக்கொண்டே போகலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு எட்டு இலக்க எண் சில நிமிட வேலை. பத்து இலக்கம் என்றால் சில மணி நேரம். ஃபோன் நம்பரை இதற்கு மேல் ஊகிக்கவும் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நான் சொல்வது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு ஐந்து சொற்களைச் சேர்த்து எழுதுவது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கலாம்: குடை, ஏணி, வெண்கலம், தவளை என்பது போல. இந்த நான்கையே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வீட்டுக்கென்று வேறு யோசியுங்கள். 63 எழுத்துவரை இடம் இருக்கிறது. சின்னத் திரையில் ரிமோட்டை வைத்து அடிக்க வேண்டிய டிவியை நினைத்துப் பாருங்கள், விசித்திரக் குறியீடுகளைவிடச் சொற்கள் எவ்வளவோ மேல்.

பழைய பாஸ்வேர்டின் கடைசியில் ஒரு 1 சேர்ப்பது மாற்றமே அல்ல. பழையது தெரிந்தவர் முதலில் முயல்வது அதைத்தான்.

வைஃபை பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதில் வீட்டு எண்ணோ, குடும்பத்தாரின் பெயரோ, ரவுட்டரின் மாடலோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

10. பழைய சாவி வேறு எங்கே வேலை செய்கிறது?

இது பலர் விட்டுவிடும் படி. பாஸ்வேர்டு மாற்றியும் அந்நியர் போகவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலரிடம் இருந்த குறை இதுதான்.

ஃபோனை எடுத்து, அருகில் தெரியும் வைஃபை பெயர்களைப் பாருங்கள். உங்கள் பெயரோடு ‘எக்ஸ்ட்’ என்று ஒட்டிக்கொண்டு ஒன்று தெரிகிறதா? அது வைஃபையைத் தூரத்துக்கு நீட்ட மாடியிலோ கடைசி அறையிலோ மாட்டிய எக்ஸ்டெண்டர். அதில் பாஸ்வேர்டு தனியாகப் பதிந்திருக்கும். கேபிள் வழியாக ரவுட்டரோடு இணைந்திருந்தால், நீங்கள் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் அது பழைய பாஸ்வேர்டையே ஏற்றுக்கொண்டிருக்கும். அதையும் திறந்து மாற்றுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்குக்குத் தனிப் பாஸ்வேர்டு இருக்கலாம். எப்போதோ ஒரு விசேஷத்துக்காக விருந்தினர்களுக்குத் திறந்துவிட்ட தனி வைஃபை, அதாவது கெஸ்ட் நெட்வொர்க், பாஸ்வேர்டே இல்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். கடைசியாக, உங்கள் பழைய பாஸ்வேர்டை வைத்து, தெரியும் உங்கள் பெயர்கள் ஒவ்வொன்றிலும் நீங்களே நுழைய முயன்று பாருங்கள். எதிலும் நுழைய முடியவில்லை என்றால்தான் இந்தப் படி முடிந்தது.

11. சாதனங்களை மறுபடி இணைப்பது

தாளில் எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக இணையுங்கள். ஃபோனில் ‘பாஸ்வேர்டு தவறு’ என்றே வந்துகொண்டிருந்தால், அந்த நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். அப்படிச் செய்யும்போது சில ஃபோன்களின் மேக் முகவரியும் மாறலாம், தாளில் திருத்திக்கொள்ளுங்கள்.

பல்பு, கேமரா போன்றவற்றை மறுபடி அமைப்பது சலிப்பான வேலை. அதைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழியை நண்பர் ஒருவர் செய்து காட்டினார்: கெஸ்ட் நெட்வொர்க்குக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டார். எல்லாப் பல்புகளும் தாமாகவே இணைந்தன. வெளியே போன ஆளும் தானாகவே திரும்பி வந்தார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

12. விருந்தினர்களுக்குத் தனி நெட்வொர்க்

அந்நியர் எப்படி உள்ளே வந்தார் என்று தேடிப்போனால், பெரும்பாலும் யாரும் எதையும் உடைத்திருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து யாரோ பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பார்கள், அது கைமாறிப் போயிருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபையைக் க்யூஆர் குறியீடாகக் காட்டிப் பகிரலாம். அந்தக் குறியீட்டுக்குள் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாக இருக்கிறது. ஒருவர் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் எல்லோர் கையிலும் சாவி.

வருபவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல மறுக்க முடியாது. மறுக்கவும் வேண்டாம். கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனிப் பாஸ்வேர்டோடு திறந்து, அதைக் கொடுங்கள். அதில் இருப்பவர்கள் உங்கள் கணினியையோ பிரின்டரையோ அணுக முடியாதபடி பிரிக்கும் வசதி இருக்கும். அது இயங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றினால் வீட்டில் ஒரு சாதனமும் பாதிக்கப்படாது. ஸ்மார்ட் பல்பு வகையறாவையும் இதே நெட்வொர்க்கில் போட்டால் மாற்றும் நாளில் அவை அறுந்துபோகும், இரண்டாவது கெஸ்ட் நெட்வொர்க் தரும் ரவுட்டராக இருந்தால் அவற்றுக்கு அதைக் கொடுங்கள்.

வீட்டுக் குழந்தைகளிடம் ஏன் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். ‘யாருக்கும் கொடுக்காதே’ என்று மட்டும் சொன்னால் நண்பன் கேட்கும்போது கொடுத்துவிடுவார்கள். ‘கேட்டால் இதைக் கொடு’ என்று கெஸ்ட் பாஸ்வேர்டைக் கையில் கொடுத்தால் அவர்களுக்கும் எளிது.

13. நம்பிவிடக் கூடாத இரண்டு வேலைகள்

மேக் ஃபில்டர்: குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அனுமதிப்பது, அல்லது சிலவற்றைத் தடுப்பது. ஃபோன் செட்டிங்ஸில் ஒரு தட்டலில் மேக் முகவரி மாறிவிடும் காலம் இது, நீங்கள் தடுத்தவர் புது முகத்தோடு வருவார். அனுமதிப் பட்டியல் வைத்தாலும், மேக் முகவரிகள் காற்றில் மறைக்கப்படாமலே போகின்றன, கவனிக்கத் தெரிந்தவர் உங்களுடையதைப் பார்த்து அதையே போட்டுக்கொள்வார். உங்களுக்குத்தான் ஒவ்வொரு புது ஃபோனுக்கும் வேலை.

பெயரை மறைப்பது: பட்டியலில் தெரியாதே தவிர, ஒரு சாதனம் இணையும்போது பெயர் வெளியே வந்துவிடும். அதைவிட, மறைந்த பெயரை உங்கள் ஃபோன் போகும் இடமெல்லாம் ‘இருக்கிறாயா, இருக்கிறாயா’ என்று கூப்பிட்டுத் தேட வேண்டியிருக்கும். நன்மையைவிடத் தொல்லை அதிகம்.

14. இத்தனைக்குப் பிறகும் திரும்ப வந்தால்

ரவுட்டரின் ஆப்பில் ‘புதுச் சாதனம் இணைந்தால் தெரிவி’ என்ற வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பட்டியலைத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுபடி தெரியாத வரி வந்தால் முதலில் வீட்டுக்குள் விசாரியுங்கள், கோபமில்லாமல். புதுப் பாஸ்வேர்டு யாரிடம் போயிருக்கிறது என்பது ஐந்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். கொடுத்தது நீங்களே மதிக்கும் ஒருவருக்கு என்றால், அவரிடம் நேராகச் சொல்லி கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுங்கள். பிறகு 9 முதல் 11 வரையுள்ள படிகளை மட்டும் மறுபடி செய்தால் போதும்.

பட்டியலில் புதிதாக ஒருவரும் இல்லை, ஆனால் டேட்டா மட்டும் கரைகிறது என்றால் வேறு விதமாகத் தேட வேண்டும். விண்டோஸ் கணினிகளிலும் சில ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும், தனக்கு வரும் வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாக மற்றவர்களுக்குப் பகிரலாம். அப்படி நுழைபவர்கள் ரவுட்டருக்குத் தனியாகத் தெரிய மாட்டார்கள், பகிரும் அந்த ஒரு கணினியின் பெயரில் எல்லாம் கணக்காகும். எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்ற பக்கத்தைப் பாருங்கள். இரவு முழுக்கச் சும்மா இருந்த மடிக்கணினி பத்து ஜிபி காட்டினால், அதில் ஹாட்ஸ்பாட் இயங்குகிறதா என்று திறந்து பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தக் கணினியில் வைரஸ் சோதனை செய்ய வேண்டும், ரவுட்டரைக் குடைந்து பயனில்லை.

வீட்டில் ஒருவரும் கொடுக்கவில்லை, ஹாட்ஸ்பாட்டும் இல்லை, ஆனால் நீங்கள் தொடாத செட்டிங்ஸ் தாமாக மாறுகின்றன என்றால் ரவுட்டரை முழுதாக ரீசெட் செய்து, 7-ஆம் படியிலிருந்து வாருங்கள். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் தருவதை நிறுத்திவிட்டார் என்றால் ரீசெட்டும் சில நாளுக்குத்தான் தாங்கும். புது ரவுட்டர் வாங்க வேண்டிய நேரம் அது. பழையதைத் தூக்கிப் போடும் முன் அதையும் ஒருமுறை ரீசெட் செய்துவிடுங்கள், உங்கள் பாஸ்வேர்டும் இணைப்பு விவரமும் அதற்குள் அப்படியே இருக்கும்.